அரை மூச்சு முன்னால்

1 டிசம்பர் 2024, ஞாயிறு

மாஸ்டர் நோட்டு எழுதச் சொல்லிவிட்டார். "எங்கிட்டக் காட்ட வேண்டாமுங்ண்ணா. என்ன பழகினீங்க, என்ன நடந்துச்சு, அது போதும்" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம். சரி, எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஆறு வருடமாக ஜப்பானிய மரவாள் பழகுகிறேன். சனி, ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மாஸ்டர் தெய்வசிகாமணி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். லேத் கம்பெனி வேலையாக ஏழு வருடம் ஜப்பானில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தவர். வாளை நாங்கள் பொக்கென் என்போம். என் மனைவி துளசிமணி கட்டை என்பாள்.

என்னுடையது வெள்ளை ஓக் மரம். நீளம் நூற்றொன்றரை சென்டிமீட்டர், எடை ஐந்நூற்று எழுபது கிராம். அளப்பது என் வேலை, அதனால் அளந்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20 அன்று இந்த மரம் பூங்கோதையின் வலது ஆள்காட்டி விரலில் விழுந்தது. நடு எலும்பு முறிந்தது. கட்டா என்றால் இருவர் எதிரெதிரே நின்று செய்யும், முன்பே வகுத்த அடிவரிசை. மூன்றாவது கட்டாவில் நான் அவள் உச்சந்தலைக்கு நேராக அடிக்க வேண்டும். அவள் கடைசி நொடியில் விலகி, என் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை மேலே தன் வாளை நிறுத்த வேண்டும். அன்று அவள் தாமதமாக விலகினாள். விபத்து. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவளே அப்படித்தான் சொன்னாள்.

இன்று வெறும் காற்றில் நூற்றைம்பது வெட்டு. மழைத் தூறல்.

7 டிசம்பர், சனி

பூங்கோதை வந்துவிட்டாள். விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, முழுதாக மடங்கவில்லை. முப்பத்தெட்டு வயது, சரவணம்பட்டியில் சொந்தமாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். ஆறு வாரம் ஒரு பெண்ணை வைத்து ஓட்டினாளாம்.

"ஏனம்மிணி, இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கலாமே?" என்றேன்.

"பிப்ரவரில தேர்வு இருக்குதுங்ண்ணா. உக்காந்திருந்தா ஆகுங்களா? அன்னிக்கு நாந்தேன் லேட்டு. நீங்க அத மனசுல வெச்சுட்டுத் திரியாதீங்க."

நான் ஒன்றும் வைத்துக்கொண்டு திரியவில்லை. கட்டா எதுவும் பழகவில்லை. தனி வெட்டு மட்டும்.

15 டிசம்பர், ஞாயிறு

இருநூறு வெட்டு. முழங்கை வலி. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது.

21 டிசம்பர், சனி

மார்கழி பிறந்துவிட்டது. ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. சாம்பார் அண்டா உருட்டுகிற சத்தமில்லாமல் கூடம் முழுவதும் எங்களுக்கு.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பூங்கோதையும் நானும் எதிரெதிரே நின்றோம். எங்கள் வழக்கத்தைப் பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். மற்ற விளையாட்டில் சீனியர் ஜெயிப்பான். இங்கே தலைகீழ். ஜோடிக் கட்டாவில் மூத்தவர்தான் முதலில் அடிப்பார், தோற்பவரும் அவரே. இளையவர் விலகி, திருப்பி வெட்டி ஜெயிப்பார். மூத்தவர் நிஜமாக அடித்தால்தான் இளையவருக்கு நிஜமாக விலக வரும். இரண்டு வருடமாக நான் வாரத்துக்கு நாற்பது தடவை பூங்கோதையிடம் செத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அநேகமாக.

இன்று பன்னிரண்டு தடவை. எதிலும் குறையில்லை.

28 டிசம்பர், சனி

எதிலும் குறையில்லை என்று போன வாரம் எழுதியது தப்பு.

நாங்கள் மூன்றாவது கட்டா செய்துகொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். பூங்கோதையை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அவள் நின்ற இடத்தில் வெறுங்கையோடு நின்றார்.

"அடிங்கண்ணா."

அடித்தேன். அவர் நகரவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என் வாள் அவர் இடது காதுக்கு நாலு விரல் தள்ளிப் போய் நின்றது.

"நான் நின்ன எடத்துலயேதானே நிக்கறேன்? எனக்கு ஒண்ணும் ஆகலியே! எங்கீங்ண்ணா போகுது வாள்?"

பூங்கோதை என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா ஆள் இல்லாத எடத்துலதான் அடிச்சிட்டிருந்தீங்களாண்ணா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்றது.

வேண்டுமென்று செய்யவில்லை. நாலு விரல் விலகல் தெரியாமல் போகிற ஆளும் நானில்லை. கம்பெனியில் மயிரிழை விலகினாலே பம்பைத் திருப்பி அனுப்புகிறவன்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

வாளை நேராக்கிவிட்டேன். வாரம் முழுக்க மொட்டைமாடிக் கொடிக் கயிற்றில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டி, அதற்கு நேராக அடித்துப் பழகினேன். துளசிமணி துணி எடுக்க வந்தவள், "கிளிப்பு என்னங் பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் வாள் நேராகிவிட்டது. இப்போது பூங்கோதை சரியில்லை. நான் வாளைத் தூக்கும்போதே நகர்ந்துவிடுகிறாள். அப்படி நகரக் கூடாது. முன்கூட்டியே நகர்ந்தால் அடிக்கிறவன் பார்த்துவிடுவான், வாளைத் திருப்பி அவள் போன இடத்திலேயே அடிப்பான். அடி பாதி வழி வந்து, இனித் திருப்ப முடியாது என்று ஆன பிறகுதான் விலக வேண்டும். இதுதான் மொத்த வித்தையும். அக்டோபருக்கு முன்னால் எங்கள் பதினோரு பேரில் அவளுக்குத்தான் இது வந்திருந்தது.

12 ஜனவரி, ஞாயிறு

மாஸ்டர் அவளிடம் கேட்டார். "எதுக்குங்க அம்மிணி, இத்தன அவசரம்? அடி வரட்டும், அப்பறம் போங்க."

"அன்னிக்கு லேட்டாயிட்டன்ல மாஸ்டர். அதான் ஊட்டுல போன்ல பீப் சத்தம் வெச்சு தெனமும் இருநூறு தடவ நகந்து பழகறேன். சத்தம் வர்றதுக்குள்ள நகந்தர்றேன் இப்ப" என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

மாஸ்டர் எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நான் அந்தப் பக்கம் திரும்பி ஜெபராஜுக்குக் கட்டா சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். பாக்கல. பாத்தது நீங்க ரெண்டு பேருந்தான்."

நான் வாளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த வாள்தான்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். கரும்பு வெட்ட அரிவாள் கிடைக்கவில்லை. "உங்க கட்டையில வெட்டுங்க, ஆறு வருசமா பழகறீங்கல்ல" என்றாள் துளசிமணி. மச்சினன் குடும்பம் முழுக்கச் சிரித்தது.

19 ஜனவரி, ஞாயிறு

தை பிறந்ததும் மண்டபம் கைவிட்டுப் போனது. கீழே முகூர்த்தம், நாங்கள் மொட்டைமாடியில். நாதஸ்வரத்துக்கு நடுவில் மாஸ்டர் சொல்வது பாதி காதில் விழவில்லை.

தேர்வு பிப்ரவரி 16. பெங்களூரிலிருந்து தேர்வாளர்கள் மூன்று பேர் வருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார்கள். பூங்கோதை முதல் டான், அதாவது கறுப்புப் பட்டையின் முதல் படி, எழுதுகிறாள். அவள் கணவருக்கு ஓசூருக்கு மாற்றல், மார்ச் கடைசியில் குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே இந்த வகுப்பு கிடையாது. டான் இருந்தால் அவளே ஆரம்பிக்கலாம், பழக ஆள் சேர்க்கலாம். இல்லையென்றால் தனியாகச் சுவரைப் பார்த்து வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். "ஒரு வருசத்துல உட்டுருவனுங்ண்ணா, என்னைய எனக்குத் தெரியும்" என்றாள்.

தேர்வில் தனக்கு எதிரில் நின்று அடிக்கிறவர் யார் என்பதை எழுதுகிறவரே சொல்ல வேண்டும். அதுவும் வழக்கம். தன் உயிரை யார் கையில் கொடுப்பது என்று அவரே முடிவு செய்கிறார் என்பார் மாஸ்டர், கொஞ்சம் நாடகமாக. பூங்கோதை என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

"ஜெபராஜு வேகமா அடிப்பானே அம்மிணி" என்றேன். ஜெபராஜ் பேங்கில் வேலை, முப்பது வயது, என்னைப் போலவே முதல் டான்.

"உங்க கையிலதான் விரல் ஒடஞ்சுது. உங்க கையிலயே சரி பண்ணிட்டுப் போகோணும்" என்று சிரித்தாள்.

26 ஜனவரி, ஞாயிறு

மோசம். பதினைந்தில் பதினைந்தும் முன்கூட்டியே நகர்ந்தாள்.

"அவங்க எங்க போறாங்களோ அங்கயே அடிங்கண்ணா. அதுதான் உங்க வேல" என்றார் மாஸ்டர். அடித்தேன். அவள் நகர்ந்து போய் நின்ற இடத்தில், தலைக்கு இரண்டு விரல் மேலே என் வாள் நின்றது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை அவள் இன்னும் சீக்கிரம் நகர்ந்தாள். அடிக்க அடிக்க அவள் அவசரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள்.

மாஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இப்படியே போனா ஃபெயிலுங்ண்ணா. மத்ததெல்லாம் அருமையா இருக்குது. இது ஒண்ணுல போயிரும்."

29 ஜனவரி, புதன்

வகுப்பு இல்லாத நாள். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த நோட்டை யாருக்கும் காட்டப் போவதில்லை.

அக்டோபர் 20. வகுப்பு ஆரம்பித்து முக்கால் மணி நேரம் இருக்கும். மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, "அம்மிணி கால் வெக்கறதப் பாருங்க. சென்னியப்பண்ணா, நீங்களுந்தான். ஆறு வருசமா உங்களுக்கு வராதது அவங்களுக்கு மூணே வருசத்துல வந்துருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூங்கோதை சிரிக்கவில்லை.

அடுத்தது மூன்றாவது கட்டா. இருவரும் மூன்று காலடி நடந்து வந்து எதிரெதிரே நிற்க வேண்டும். இளையவரின் கால் தரையில் ஊன்றி, மூச்சு அடங்கும்வரை மூத்தவர் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் அடி. இந்தக் காத்திருப்பை நம்பித்தான் இளையவர் எதிரே வந்து நிற்கிறார்.

அவளுடைய மூன்றாவது காலடி இன்னும் தரையில் படவில்லை. நான் அடித்துவிட்டேன். அரை மூச்சு முன்னால்.

காயப்படுத்த நினைக்கவில்லை. அவள் தடுமாற வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நின்றவளால் விலக முடியவில்லை. கையைத் தூக்கித் தடுத்தாள். அவள் தாமதிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் "நாந்தேன் லேட்டு" என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அவ்வளவு வலியில் என்னைத் தேற்றினாள். நான் அவள் கணவருக்குக் காபி வாங்கி வந்தேன்.

1 பிப்ரவரி, சனி

சொல்லிவிடலாம் என்று முன்னதாகவே போய் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். பூங்கோதை வந்தாள். மண்டபத்துக்காரன் பைக்குகளைத் தள்ளி நிறுத்தச் சொல்வதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். மேலே போனோம்.

சொன்னால் அவள் சரியாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இல்லாத தவற்றைத்தான் தினமும் இருநூறு தடவை திருத்திக்கொண்டிருக்கிறாள். இது தெரிந்தும் பைக்கைப் பற்றிப் பேசினேன்.

5 பிப்ரவரி, புதன்

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்குச் சரவணம்பட்டி போனேன். பூங்கோதையே ரத்தம் எடுக்க வந்தாள். முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு, ஆள்காட்டி விரலால் நரம்பைத் தடவித் தேடினாள். நெடுநேரம் தேடினாள். குத்தினாள். ரத்தம் வரவில்லை.

"ஸாரிங்ண்ணா. முன்னெல்லாம் இந்த விரலு தொட்டாலே நரம்பு இங்க இருக்குதுன்னு சொல்லீரும். இப்ப மரத்துப்போயிக் கெடக்குது. கொழந்தைகளுக்கு எடுக்கறதையே உட்டுட்டனுங். அதுகள ரெண்டு தடவ குத்த மனசு வர்றதில்ல."

இரண்டாவது தடவை கிடைத்தது. சிரிஞ்சில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, அன்னிக்கு நீ லேட்டில்ல" என்றேன். "உன் காலு தரையில படறக்கு முன்னாலயே நான் அடிச்சுட்டேன். வேணும்னுதான் முந்தினேன். மாஸ்டர் எல்லார்த்துக்கும் முன்னால சொன்னது பொறுக்கல."

ஊசி இன்னும் என் நரம்பில்தான் இருந்தது. அது துளிகூட ஆடவில்லை. வேண்டிய அளவு ஏறியதும் குழாயை அவிழ்த்தாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்தாள்.

"மடக்கிப் புடிங்க."

பிடித்தேன். ரத்தத்தைச் சிறு குப்பிக்கு மாற்றி, என் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டினாள். பிறகு கேட்டாள்.

"ஆஸ்பத்திரில நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"பீப் வெச்சுப் பழகறேன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

"ரிசல்ட்டு சாயங்காலம் போன்ல வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சர்க்கரை 118. கொஞ்சம் அதிகம்தான்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று அவள் வரவில்லை. இன்று வந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள், மாஸ்டரிடம் ஏதோ பேசினாள், நேராக ஜெபராஜுக்கு எதிரில் போய் நின்றாள்.

நான் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனி வெட்டு செய்துகொண்டே பார்த்தேன். முதல் இரண்டு தடவை அவசரம் இருந்தது. மூன்றாவது தடவை ஜெபராஜ் வாளைத் தூக்கினான், அவள் அசையவில்லை. வாள் இறங்க ஆரம்பித்தது, அப்போதும் அசையவில்லை. வாள் நெற்றிக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை. அவளுடைய வாள் அவன் மணிக்கட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"ஆத்தீ!" என்றான் ஜெபராஜ்.

மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இருநூற்றைம்பது வெட்டு என்று நினைக்கிறேன். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனது.

16 பிப்ரவரி, ஞாயிறு

தேர்வு. ஒரு பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கம். பெங்களூர்க்காரர்கள் மூன்று பேரும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். நான் எதற்கும் தயாராக வாளைத் துடைத்து, உடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போயிருந்தேன். துளசிமணி இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போது, "பரிட்சை உங்களுக்கா அந்தப் புள்ளைக்கா?" என்றாள்.

பூங்கோதையின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் வணங்கினாள். அடிக்கிறவர் யார் என்று நடுவில் இருந்தவர் கேட்டார். காகிதத்தில் என் பெயர் இருந்திருக்க வேண்டும், அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நான் பாதி எழுந்துவிட்டேன்.

"ஜெபராஜ்" என்றாள்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பையை நகர்த்துவதற்காக எழுந்ததுபோலப் பையை நகர்த்தினேன்.

ஐந்து கட்டா. மூன்றாவதில் பெங்களூர்க்காரர் ஒருவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். நான் இதுவரை பார்த்ததிலேயே அதுதான் சிறந்தது. என் எதிரில் நின்ற இரண்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. நான் அடித்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திருக்காது என்று தோன்றியது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஒரு மணிக்கு முடிவு சொன்னார்கள். தேறிவிட்டாள். எல்லோரும் கை தட்டினோம். ஜெபராஜ் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கி வந்தான்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாழ்த்துகள் அம்மிணி. ரொம்ப நல்லாச் செஞ்சே" என்றேன்.

"தேங்க்ஸுங் சார்."

மூன்று வருடத்தில் ஒரு நாளும் அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை. வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நீங்க அதச் சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கு உங்களத்தானுங் சார் கூப்பிட்டிருப்பேன்."

போய் வண்டியை எடுத்தாள்.

இப்போது மணி நாலு. துளசிமணி காபி வைத்துவிட்டு, ஏன் முகம் இப்படி இருக்கிறது, அந்தப் புள்ள ஃபெயிலா என்று கேட்டாள். பாஸ் என்றேன்.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் தோற்றிருப்பாள், நான் அவள் எதிரில் நின்றிருப்பேன், கடைசிவரை அண்ணா என்று கூப்பிட்டிருப்பாள். அதுவா, அவள் தேறுவதா, எது வேண்டும் என்று காலையில் யாராவது கேட்டிருந்தால், தேறுவதுதான் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் கொஞ்சம் யோசிப்பேன்.